யார் முதலில் உட்காருவது

மே 8, திங்கள்
ரயிலில், விஜயவாடா தாண்டியாயிற்று

எதிர் இருக்கையில் சுலோச்சனா அம்மாள் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருக்கிறார். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து ஒரு சின்ன டப்பாவில் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். அறுபது வயதில் இப்படி நறுக் நறுக்கென்று கடிக்கப் பல் இருப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். இவர் என் மகள் ஹேமாவின் மாமியார், மாப்பிள்ளை நவநீதனின் அம்மா. எனக்குச் சம்பந்தி.

ஜன்னலோர இருக்கை எனக்குத்தான் வந்திருந்தது. பெண்ணைக் கொடுத்தவள் காற்றாட உட்கார்ந்துகொண்டு பையனைப் பெற்றவரை நடுவில் இடிபட விடலாமா? ஈரோட்டில் ஏறியதும் மாற்றிக்கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம். ஆறு வருடமாக இந்த மரியாதையில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பவானியில் அவர் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போனதில்லை. ஆப்பிள், முறுக்கு, மல்லிகைப்பூ, ஏதாவது ஒன்று. "ஏனுங்க சம்பந்தி, ஒவ்வொருக்காவும் இந்தக் கூத்து?" என்று திட்டிக்கொண்டேதான் வாங்கி வைப்பார்.

எழுத வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறேன். எழுதிவிடுகிறேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஹேமா பெங்களூரிலிருந்து பேசினாள். "அம்மா, நானும் அவரும் பிரிஞ்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தான். வக்கீலையும் பாத்தாச்சு. அத்தைகிட்ட நீங்க டூர் முடிஞ்சு வந்ததும் அவரே சொல்லிக்குவாரு. அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத. அவங்க இந்த டூருக்காக மூணு மாசமா காத்துட்டு இருக்காங்க."

முப்பத்துநாலு வருடம் தபால் இலாகாவில் இருந்தவள் நான். கடைசிப் பதினோரு வருடம் கவுந்தப்பாடியில் போஸ்ட் மாஸ்டர். அடுத்தவர் சேதியைப் பிரிக்காமல் கையில் வைத்திருப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அப்போதெல்லாம் சேதிக்குரியவர் எதிரே உட்கார்ந்து எனக்குக் கொய்யாப்பழம் நீட்டியதில்லை.

பெற்றவள் மகளுக்காக அழ வேண்டும், அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டேன், அதோடு சரி.

மே 10, புதன்

டெல்லி. கொதிக்கிற வெயில். எழுத ஒன்றுமில்லை. குதுப்மினார் முன்னால் என்னைத் தனியாக நிற்கவைத்து சுலோச்சனா அம்மாள் ஏழு போட்டோ எடுத்தார். எதற்கு ஏழு?

மே 12, வெள்ளி
நைனிதால்

காத்கோதாம் என்ற ஊரோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலைதான். பஸ்ஸில் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். சுலோச்சனா அம்மாள் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவரிடம் குடும்பக் கதை கேட்டுக்கொண்டு வந்தார். கணவர் பட்டாளத்தில் இருந்தபோது பரேலியில் நான்கு வருடம் குடியிருந்து கற்ற இந்தி. என்னுடையது இந்திப் பிரசார சபாவில் பரீட்சை எழுதிப் பாஸான இந்தி. யாராவது நிறுத்தி நிதானமாகப் பேசினால் புரியும், பதில் மட்டும் மறுநாள்தான் வரும்.

கடைசி வளைவில் மலை விலகியது. ஏரி!

இவ்வளவு உயரத்தில் இவ்வளவு தண்ணீரை யார் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சுற்றிலும் மலை எழுந்து நிற்க, அடியில் பச்சையாகக் கிடக்கிறது. கழுவி எடுத்த வெற்றிலையின் பச்சை. ஒரு கோடியில் பஸ் நிற்கிற தல்லித்தால், மறுகோடியில் கோயிலும் மைதானமும் இருக்கிற மல்லித்தால். இரண்டையும் இணைக்கிற சாலையில் வரிசையாகக் கடைகள். எதிர்க்கரையில் மரம் மட்டும்தான். தண்ணீரில் நூறு படகாவது இருக்கும். அவற்றுக்கு நடுவே மூன்று வெள்ளைப் பாய்கள், துணிக்கொடியில் காயப்போட்ட வேட்டி தானாகக் கிளம்பிப் போவதுபோல நகர்ந்துகொண்டிருந்தன.

"சம்பந்தி, அதுல போகோணுங்க," என்றார் அவர், விரலை நீட்டி.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் வாய்க்காலில்கூட முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை. "போலாமுங்க," என்றேன்.

டூர்க்காரர்கள் கூடவே சமையல்காரரை அழைத்து வந்திருப்பதால் இமயமலையில் உட்கார்ந்து வத்தக்குழம்பு சாப்பிட்டோம். சுலோச்சனா அம்மாள் அதைத் தொடாமல் வெளியே போய், இலைக் கிண்ணத்தில் ஏதோ கொண்டைக்கடலைச் சமாச்சாரம் வாங்கித் தின்றுவிட்டு வந்தார். அவர் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது.

மே 13, சனி

காலையில் கோயிலுக்குப் போனோம். நைனா தேவி. ஏரிக்கரையிலேயே கோயில், அம்மனின் கண்ணை வரைந்து வைத்துக் கும்பிடுகிறார்கள். வாசலில் மணிகளாகத் தொங்குகின்றன. ஒருவர் அடித்துவிட்டு நகர, அடுத்தவர் அடிக்க, ஓசை தண்ணீர்மேல் போய் எதிர்மலையைத் தொட்டுத் திரும்பி வருகிறது. கோயிலை ஒட்டிய தண்ணீரில் கை நீளத்துக்கு மீன்கள். பொரி போட்டால் கூட்டமாக வாயைப் பிளக்கின்றன. நம் ஊர்ப் பந்தியில் முதல் வரிசைக்கு இப்படித்தான் அடித்துக்கொள்வார்கள்.

என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று சுலோச்சனா அம்மாள் கேட்டார். சிறுசுகள் நன்றாக இருக்க வேண்டும் என்றேன். "நானுந்தானுங்க," என்றவர் சட்டென்று செருப்பைத் தேடப் போய்விட்டார்.

பிறகு கடையில்லாத கரையோரமாக நடந்தோம். அந்தச் சாலையில் வெயிலே விழுவதில்லை. மரக்கிளைகள் தண்ணீர்வரை தாழ்ந்து தொங்குகின்றன. எதிர்க்கரையில் மலைச்சரிவு நெடுகச் சிவப்புக் கூரை வீடுகள். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் தோளுக்கு மேல் எட்டி ஏரியைப் பார்க்கிறது. நான்கு பேர் கையைக் கோத்து நடக்கும் அளவு அகலமான பாதைதான், ஆனாலும் நான் அரை அடி பின்னாலேயே நடந்தேன், பழக்கம். அவர் நின்று நின்று என்னைப் பக்கத்தில் வரவழைத்துப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டார்.

மதியத்துக்கு மேல்தான் காற்று ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்குப் பாய்ப்படகுத் துறைக்குப் போனோம். படகுக்காரர் பெயர் தீவான் சிங். ஐம்பது வயதிருக்கும். மே மாதத்தில் கம்பளித் தொப்பி. எங்கள் இருவருக்கும் புடவைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இறுக்கினார். அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

படகு சின்னது. நடுவில் பாய்மரம். பாயின் அடிவிளிம்பில் குறுக்காக ஒரு கம்பு. படகு திரும்பும்போதெல்லாம் அந்தக் கம்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசிப் போகும். அப்போது தலையைக் குனிந்து, உடனே எதிர்ப்பலகைக்கு மாறி உட்கார்ந்துவிட வேண்டும். பாரம் காற்று வரும் பக்கத்தில் இருந்தால்தான் படகு சாயாது. இவ்வளவையும் அவர் சொல்ல, சுலோச்சனா அம்மாள் எனக்குத் தமிழில் சொன்னார். எல்லாம் புரிந்தது.

கரையை விட்டு நகர்ந்ததும் பாய் ஒரு தடவை படபடத்தது, பிறகு புடைத்துக்கொண்டு அடங்கியது. அந்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். மோட்டார் இல்லை, துடுப்பு இல்லை, உறுமல் இல்லை. காற்று பிடித்திழுக்கிறது, நாம் போகிறோம், அவ்வளவுதான். அடியில் தண்ணீர் சளசளவென்று பேசிக்கொண்டே வருகிறது. பஸ் ஹாரன், கடைப் பாட்டு எல்லாம் கரையோடு நின்றுவிட்டன. இத்தனை வருடம் இது தெரியாமல் கவுந்தப்பாடியில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேனே என்றிருந்தது. பயம் எங்கே போயிற்று என்று தேடினேன், காணோம். சுலோச்சனா அம்மாள் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நரைமுடியெல்லாம் பிரிந்து பறந்தது. அழகாக இருந்தார். சொல்லவில்லை.

முதல் திருப்பம் வந்தது. தீவான் சிங் குரல் கொடுத்தார். குனிந்தோம், கம்பு தலைக்கு மேல் போனது. எதிர்ப்பலகையில் உட்கார வேண்டும். சம்பந்தி உட்காராமல் நான் எப்படி உட்காருவது? பாதி எழுந்த வாக்கில் "உக்காருங்க" என்றேன். அவரும் பாதி எழுந்த வாக்கில் "நீங்க உக்காருங்க" என்றார். "அட நீங்க முதல்ல." "வயசுல மூத்தவங்க, நீங்க." "அதெப்படிங்க, மொறைன்னு ஒண்ணு இல்லீங்களா?"

இந்த உபசாரம் முடிவதற்குள் படகு எங்கள் பக்கம் சரிந்துவிட்டது. விளிம்பைத் தாண்டி ஏரி உள்ளே வந்தது. முழங்கால்வரை ஐஸ் தண்ணீர். கம்பு வேறு திரும்பி வந்து என் நெற்றியில் ஒரு போடு போட்டது. "பைட்டியே! பைட்டியே!" என்று தீவான் சிங் கத்தினார், உட்காருங்கள் என்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம், ஒருவர் மடியில் இன்னொருவர்.

தீவான் சிங் தகரக் குவளையால் தண்ணீரை இறைத்து ஊற்றிக்கொண்டே, மரியாதையாகத்தான், ஆனால் எரிச்சலாகக் கேட்டார்: நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு?

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. சுலோச்சனா அம்மாள் சொன்ன பதிலும் புரிந்தது. "சஹேலி." சிநேகிதி. அதற்குத் தீவான் சிங் ஏதோ நீளமாகச் சொல்லிச் சிரித்தார். அது புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க," என்றார்.

நடு ஏரியில் காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கிப்போக, படகு அசையாமல் கிடந்தது. தலைகீழ் மலை அப்படியே தண்ணீருக்குள் இருந்தது, சிவப்புக் கூரைகளோடு. சுலோச்சனா அம்மாள் கேட்டு வாங்கிச் சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் தூரத்துத் தண்ணீரில் ஒரு சிலிர்ப்பு தெரிந்தது. "அங்க காத்து வருதுங்க, பாருங்க," என்று தீவான் சிங்குக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார். காற்று வந்து சேர்ந்ததும் கட்டையை இத்தனூண்டு நகர்த்தினார். படகு சொன்னபடி கேட்டது. எதைத் தொட்டாலும் இந்த அம்மாளுக்கு வந்துவிடுகிறது. ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றவர். கணவர் போன மறுவருடம் தனியாகக் கொல்லூர் போய்வந்தவர். இவருடைய மருமகளாக இருக்க என் பெண்ணுக்கு ஏன் கசந்தது என்று ஒரு கணம் கோபம் வந்தது. ஹேமா வாழ்ந்தது இவரோடு இல்லை என்பதை எனக்கு நானே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க," என்றார் திடீரென்று.

"அங்க பாருங்க, வாத்து!" என்றேன்.

வாத்து இருந்தது, பொய்யில்லை. அவரும் வாத்தைப் பார்த்தார்.

நெற்றி புடைத்திருக்கிறது. புடவை காயவில்லை. அதெல்லாம் பரவாயில்லை. ஆறு வருடம் சம்பந்தி சம்பந்தி என்று உயிரை விட்டிருக்கிறேன். ஊர் பேர் தெரியாத படகுக்காரரிடம் சம்பந்தி என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லையாம்!

மே 14, ஞாயிறு

கம்பி வண்டியில் தொங்கிக்கொண்டு மேலே போனோம். மேகம் மூடிவிட்டதால் பனிமலை தெரியவில்லை. டூர் மேனேஜர் அது எங்கள் தப்பு என்பதுபோலப் பார்த்தார்.

டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தோம். கீழே ஏரி முழுசாகத் தெரிந்தது. ராத்திரியெல்லாம் மனதில் குடைந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நேத்து அந்தப் படகுக்காரர்கிட்ட ஏனுங்க சிநேகிதின்னு சொன்னீங்க?"

அவர் டீயை ஊதினார். "வேற என்னன்னு சொல்றதுங்க?"

"சம்பந்தின்னு சொல்ல இந்தில வார்த்தை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. சம்தன்." டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னுங் கொஞ்ச நாள்ல அது பொய்யாப் போயிருமுங்க. நவநீதன் போன மாசமே எங்கிட்டச் சொல்லிட்டான். உங்களுக்குத் தெரியாது, இந்த டூராவது நீங்க சந்தோசமாப் பாத்துட்டு வரட்டும்னு வாயக் கட்டிட்டு வந்தேன். நேத்து முடியலீங்க. சொல்ல வந்தா நீங்க வாத்தக் காட்டறீங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். பெற்றவளுக்குப் புறப்படும்போது சொல்கிறார்கள், இவருக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கிறது! "எனக்கும் தெரியுமுங்க," என்றேன் வெடுக்கென்று. "உங்களுக்குத் தெரியாதுன்னு நான் வாயக் கட்டிட்டு வந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அழுதுவிட்டார். இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கணவர் காரியத்தன்றுகூட நின்று பந்தி விசாரித்தவர்.

"சின்னவங்க பொழச்சுக்குவாங்க. படிச்சிருக்காங்க, சம்பாதிக்கறாங்க," என்றார். "நான் என்ன பண்றதுங்க? அவர் போனப்பறம் ஞாயித்துக்கிழமையானா நீங்க வருவீங்கன்னு வாசலப் பாத்துட்டு இருந்தேன். இனி எந்தச் சாக்கச் சொல்லி உங்க வீட்டுக்கு வர்றது? எந்தச் சாக்கச் சொல்லி உங்களக் கூப்படறது? அதாங்க, போட்டோவாவது இருக்கட்டும்னு எடுத்து வெச்சுக்கிட்டேன்."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஹேமா பேசிய அன்றைக்கு நான் மகளுக்காக அழுததைவிட வேறொன்றுக்காகத்தான் அதிகம் அழுதேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று வாங்கிவந்து கையில் கொடுத்தேன்.

இறங்கும்போது, தீவான் சிங் என்ன சொல்லிச் சிரித்தார் என்று கேட்டேன்.

"சிநேகிதிகளா? நான் நம்பமாட்டேன். இப்படி மாத்தி மாத்தி உபசாரம் பண்ணிப் படகைக் கவுக்கறது சம்தன்கள் மட்டுந்தான்னார்."

மே 15, திங்கள்

காலையில் கிளம்ப மூன்று மணி நேரம் இருந்தது. மறுபடியும் துறைக்குப் போனோம். தீவான் சிங் எங்களைப் பார்த்ததும் குவளையை எடுத்துக் காட்டினார். காலைக் காற்று கம்மி. ஏரிமேல் மெல்லிய புகைபோலப் பனி. நான்கு தடவை திரும்பினோம். நான்கு தடவையும் கிடைத்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். யாரும் யாருக்காகவும் எழவில்லை. கடைசித் திருப்பத்தில் நல்ல இடம் எனக்கே வந்தது, வைத்துக்கொண்டேன்.

மே 18, வியாழன்

ஈரோட்டில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் அவர் பவானிக்கு, நான் கவுந்தப்பாடிக்கு. "வரட்டுங்களா?" என்றார். "வாங்க," என்றேன். எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோழைகள்.

மே 24, புதன்

ஹேமா பேசினாள். நவநீதன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டானாம், அத்தை தைரியமாக ஏற்றுக்கொண்டாராம். போன மாதமே சொன்னதை அவன் இவளிடமும் மறைத்திருக்கிறான் போல. நல்லது என்றேன். அவள் குரல் தெளிவாக இருந்தது. அவளும் சாப்பிட்டாயா என்று கேட்டாள், ரொம்ப நாளைக்குப் பிறகு.

மே 28, ஞாயிறு

வழக்கமான பஸ். பவானியில் இறங்கினேன். வழக்கமான பழக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே ஆப்பிளைப் பொறுக்கித் தட்டில் போட ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்றேன். "சம்பந்தி வீட்டுக்குத்தானுங்களே போறீங்க?" என்றார். ஆறு வருடப் பழக்கம், அவர்மேல் தப்பில்லை. "இல்லீங்க," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு தெரு. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இரண்டு தடவை நின்றேன். பூவாவது வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. யார் என்று போய் நிற்பது? அழைப்புமணியை அழுத்தியபோது, நீச்சல் தெரியாமல் படகில் ஏறியபோது வராத பயம் வந்தது.

கதவைத் திறந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைத்தான் பார்த்தார். வலது கை, இடது கை, பிறகு பின்னால் ஏதாவது வைத்திருக்கிறேனா என்று எட்டிப் பார்த்தார்.

"வெறுங்கையோடயா வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்பாடா," என்று கதவை முழுக்கத் திறந்துவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். வாங்க, உக்காருங்க என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கென்று சோபாவில் எப்போதும் தட்டிப் போடும் விரிப்பையும் தட்டவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்தார்.

"காத்தால இருந்து முட்டி வலிக்குது. பால் காஞ்சிருக்குது. நீங்களே போய் ரெண்டு பேருக்கும் காப்பி போடுங்கக்கா."

ஆறு வருடத்தில் அந்தச் சமையலறைக்குள் அவர் என்னை விட்டதில்லை. காப்பித்தூள் எந்த டப்பாவில் என்று கேட்டேன்.

"தேடுங்க," என்றார்.

மூன்றாவது டப்பாவில் இருந்தது.